தொட்டிக்குள் சாக்கடை நீர் வருமா?

பெங்களூரில் பல தெருக்களில் குழாய்த் தண்ணீர் நாள் முழுவதும் வராது. வரும்போது பிடித்து வைக்க வேண்டும். அதற்காக வீட்டுத் தரைக்கு அடியில் தொட்டி கட்டுகிறார்கள். அதைச் சம்ப் என்பார்கள்.

காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் கடந்து அங்கே வருகிறது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீர், ஒரு சிறிய இடத்தில் கெட்டுப் போகலாம். அது எந்த இடம்? குழாய் தொட்டிச் சுவருக்குள் நுழையும் இடம்.

பிளாஸ்டிக் குழாய் வழவழப்பானது. சிமெண்ட் அதை இறுகப் பிடிக்காது. சிமெண்ட் காயும்போது கொஞ்சம் சுருங்கும். மோட்டார் ஓடினால் குழாய் அதிரும். இதனால் குழாயைச் சுற்றி இடைவெளி விழும்.

தொட்டி நிறைந்திருந்தால் தண்ணீர் வெளியே கசியும். தொட்டி காலியாக இருந்தால் வெளியே உள்ள அழுக்கு நீர் உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் ஆபத்து. காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை வரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவில் தண்ணீர் வரும் குழாயை மூடுங்கள். மோட்டாரைப் போடாதீர்கள். ஒரு கம்பை விட்டு நீர்மட்டத்தை அளந்து வையுங்கள். காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தொட்டி கசிகிறது. ஏறியிருந்தால் வெளிநீர் உள்ளே வருகிறது. தொட்டியைக் காலி செய்ததும் முதலில் குழாயைச் சுற்றிப் பாருங்கள். ஈரக்கறையோ மண்கோடோ தெரியும்.

இறங்கும் முன்பு

மூடிய தொட்டியில் நல்ல காற்று இருக்காது. இறங்கியவர் மயங்கி விழலாம். மூடியை வெகுநேரம் திறந்து வையுங்கள். மின்விசிறியால் காற்றை உள்ளே செலுத்துங்கள். மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டியுங்கள். தனியாக இறங்கக் கூடாது. இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். மேலே ஆள் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால், காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. இருவரும் இறந்து விடலாம். கயிற்றால் இழுங்கள். 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எப்படி அடைப்பது?

விரிசல் மேல் ஒரு பூச்சு பூசினால் போதாதா? போதாது. அது பெயர்ந்து விடும். கொத்தனார் இப்படிச் செய்ய வேண்டும்:

1. குழாயைச் சுற்றிப் பழைய சிமெண்டை உளியால் கொத்தி எடுக்க வேண்டும். குழாய் உடையக் கூடாது.
2. தூசியைக் கழுவ வேண்டும். குழாயை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும்.
3. சுருங்காத சிமெண்ட் கலவையைப் பள்ளத்தில் இறுக்கி அடைக்க வேண்டும். இது கடைகளில் கிடைக்கும்.
4. முடிந்தால் வெளிப்பக்கமும் தோண்டி அடைக்க வேண்டும்.
5. ஈரச் சாக்கு போட்டுக் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் என்று பையில் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள்.

பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் நிரப்பி, மீண்டும் ஓர் இரவு அளந்து பாருங்கள். மட்டம் மாறவில்லையா? கசிவு நின்றது. 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

உங்கள் வீட்டுத் தொட்டியில் குழாய் எங்கே நுழைகிறது? பக்கத்தில் சாக்கடை இருக்கிறதா? இன்றே பாருங்கள்.