செவியால் ஆளும் இசை நூலகம்

கண்ணுடையார்க்குக் கணினியிலுள்ள இசை நூலகம் ஒரு நொடியிற் புலனாகும். அட்டைப் படங்கள் வரிசையாய்த் தோன்றும், வேண்டியதைத் தட்டுவர், பாட்டு எழும். கண்ணொளி இல்லாதார் அதே நூலகத்தை எங்ஙனம் ஆள்வர் என்பதை எம் விடுதித் தோழர் ஒருவரோடு ஈராண்டு பழகியதனால் யாம் ஓரளவு அறிந்தோம். அவருடைய நூலகத்தில் பாட்டைவிடப் பாடமே மிகுதி. தோழர் பலர் பாடநூல்களை வாய்விட்டு வாசித்துப் பதிவுசெய்து அவருக்கு அளித்துள்ளனர். அவருள் யாமும் ஒருவர்.

ஸ்கிரீன் ரீடர் என வழங்கும் திரைவாசிப்பான், திரையைப் படமாகக் கண்டு படிக்கின்றதென்று பலர் எண்ணுவர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மை வேறு. ஒவ்வொரு செயலியும் தன் உறுப்புகளின் பெயர், வகை, நிலை ஆகியவற்றைக் கணினிக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பைப் பெற்றுக் குரலாக்குவதே திரைவாசிப்பானின் முதன்மைத் தொழில். விண்டோசில் இதற்கென ஒரு வழியை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1997-இல் வகுத்தனர். "இயக்கு, பொத்தான்" என்று குரல் கேட்பின் செயலி தன் கடமையைச் செய்ததாம். "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டுங் கேட்பின், அதனை இயற்றினோர் அழகிய படத்தை வரைந்துவிட்டுப் பெயரிட மறந்தனர் என்க.

எம் தோழர் முன்னர்க் கையாண்ட செயலி ஒன்றுக்கு இக்கதி நேர்ந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. புதிய தோற்றம் பூண்ட பதிப்பில் அதன் பொத்தான்கள் பெயரிழந்தன. தோழர் மனந்தளராது, ஏழாவது நிறுத்துவது, ஒன்பதாவது அடுத்ததற்குச் செல்வது என எண்ணி மனனஞ் செய்தார். அடுத்த பதிப்பில் அவ்வெண்களும் மாறின. தேர்வுக்கு முந்திய வாரத்தில், ஈராண்டாகத் தொகுத்த பாடப் பட்டியலைத் தம் கையாலேயே அறியாது அழித்துவிட்டார். கோப்புகள் அழியவில்லை, அவற்றின் வரிசை அழிந்தது. கண்ணுடையார்க்கு அஃது ஒரு மணி நேர வேலை. அவருக்கோ ஒவ்வொன்றையும் இயக்கி, சிறிது கேட்டு, இன்னதெனத் தெளிய மூன்று இரவு சென்றன.

அதன்பின் அவர் ஃபூபார் 2000 என்னுஞ் செயலிக்கு மாறினார். பீட்டர் பாவ்லோவ்ஸ்கி என்பார் இயற்றி 2002-இல் வெளியிட்ட இஃது அழகுக்குப் பேர்போனதன்று. ஆயினும் விண்டோசுக்கு இயல்பான பட்டியலும் கிளைவிரியும் மரவடிவும் இதில் உள்ளமையின், திரைவாசிப்பான் எளிதிற் படிக்கின்றது. அவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் என்.வி.டி.ஏ. ஆகும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006-இல் இதனைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே பின்னர் உடன் சேர்ந்தார். இருவருமே பார்வையற்றோர். இதனைப் பெறப் பொருள் கொடுக்க வேண்டுவதில்லை. குரலைத் தமிழுக்கு மாற்றினால் தமிழ்ப் பெயரைத் தமிழாகவே ஒலிக்கும். அவ்வொலி சற்றே வறண்டதாயினும் சொல் விளங்கும்.

செயலியின் அமைப்புப் பகுதியில் பாடல்கள் இருக்குங் கோப்புறையை ஒருமுறை காட்டிவிட்டால், அதில் உள்ளவை நூலகத்திற் சேரும். மரவடிவில் வலப்புற அம்புக்குறி கிளையை விரிக்கும், இடப்புறம் மடக்கும். ஷிப்ட்டையும் எப் 10 விசையையும் ஒருங்கே அழுத்தினால் வரும் பட்டியலிலிருந்து வேண்டியதைப் பாடற்பட்டியலுக்கு அனுப்பலாம். எக்கட்டளைக்கும் நாம் விரும்பிய விசையை வகுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஓடிய நேரத்தையும் எஞ்சிய நேரத்தையும் சொல்லும் கட்டளைகள் என்.வி.டி.ஏ.வில் உள, ஆனால் செயலியின் அடியிலுள்ள நிலைப்பட்டையின் அமைப்பை மாற்றியவர்க்கு அவை பயன்படா. அழகு கருதி அதனை மாற்றிவிட்டுத் தோழரின் வசைக்கு ஆளானவர் எம் அறையிலேயே உளர்.

இத்துணையும் செய்தபின்னும் நூலகம் முழுதும் இணங்கவில்லை. குற்றம் எம்முடையது. வாசித்துப் பதிந்த யாம் கோப்புகளுக்கு "பதிவு 1", "பதிவு 2" என்று பெயரிட்டிருந்தோம். ஒலிக்கோப்பினுள் தலைப்பு முதலியவற்றைப் பொறிக்கும் குறிச்சீட்டையோ வெறுமையாய் விட்டிருந்தோம். சிலர் பொறித்தது 1996-இல் எழுந்த பழைய முறையில். அதில் தலைப்புக்கு 30 இடங்களே. தமிழெழுத்துக்கு வகையே இல்லை. புதிய முறையில், யூனிகோடில் எழுதியவையே தப்பின.

பின்னர் யாம் எழுதியதும் பிழைபட்டது. "தொல்காப்பியம், சொல்லதிகாரம், வேற்றுமையியல்" என்று முறைப்படி பொறித்தோம். கண் முதலிரண்டு சொல்லைத் தாண்டி மூன்றாவதிற் போய் நிற்கும். செவிக்கு அவ்வாறு தாண்ட இயலாது. ஒன்பது இயல்களுக்கும் ஒன்பது முறை நூற்பெயரும் அதிகாரப் பெயரும் கேட்ட தோழர், "ஐயா, ஆசிரியர் தொல்காப்பியர் என்பதை யான் மறவேன், இயலை முதலிற் சொல்லுங்கள்" என்றார். அன்று முதல் வேறுபடுத்துஞ் சொல்லையே தலைப்பின் முன்வைத்து, நூற்பெயரைத் தொகுப்பின் பெயருக்குரிய இடத்தில் எழுதுகின்றோம். மரவடிவில் முதலெழுத்தைத் தட்டினாலே அவ்விடத்துக்குத் தாவுமாதலின், இதனால் இரட்டைப் பயன் விளைந்தது.

சென்ற வாரம் வேற்றுமையியற் பதிவு எமக்கே வேண்டியிருந்தது. எம் கணினியில் யாம் எலியை உருட்டித் தேடிக்கொண்டிருந்தபொழுது, சுவருக்கு அப்பாலிருந்து எம் குரலே எமக்குக் கேட்டது. அவர் அதற்குள் எடுத்து இயக்கிவிட்டார்.