புல்வெளிக் காவலர்களைப் படம் பிடிப்போமா?



கேமரா கையில் கிடைத்தால் எதைப் படம் எடுப்பீர்கள்? பூ, பூனைக்குட்டி, பிறந்தநாள் கேக், பல் விழுந்த தம்பியின் பொக்கைச் சிரிப்பு... சரிதானே?

கனடா நாட்டின் மேற்குப் பகுதியில் ஒரு கூட்டம் இருக்கிறது. விடுமுறை வந்தால் போதும், காரில் ஏறிப் பல நூறு கிலோ மீட்டர் சுற்றுவார்கள். எதற்குத் தெரியுமா? பழைய தானியக் கிடங்கு, ரயில் பாலம், ஆளில்லாத ஸ்டேஷன்... இவற்றைப் படம் எடுக்கத்தான்! 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்கிறீர்களா? வாங்க, நாமும் அவர்களோடு ஒரு ரவுண்டு போய் வரலாம்.

ஆள் ஏறாத எலிவேட்டர்!

முதலில் உலக வரைபடத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கனடாவில் மனிடோபா, சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா என்று மூன்று மாகாணங்கள் வரிசையாக இருக்கும். இவற்றின் தென்பகுதி பெரும்பாலும் சமவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமை வயல்தான். அங்கே திடீரென்று ஒற்றை ஆளாக, உயரமாக ஒரு மரக் கட்டடம் நிற்கும். அதன் பெயர் 'கிரெய்ன் எலிவேட்டர்'.

எலிவேட்டர் என்றதும் நாம் ஏறி இறங்கும் லிப்ட் ஞாபகம் வருகிறதா? இதில் ஏறுவது ஆள் அல்ல, தானியம்!

விவசாயி வண்டியோடு உள்ளே வருவார். வண்டி அப்படியே எடை போடப்படும். பிறகு கோதுமையைத் தரைக்கு அடியில் உள்ள குழியில் கொட்டுவார்கள். குழியில் இருந்து உச்சி வரை ஒரு நீண்ட பெல்ட் சுற்றிக் கொண்டே இருக்கும். பெல்ட் முழுவதும் சின்னச் சின்ன வாளிகள். ராட்டினம் மாதிரி, கீழே கோதுமையை அள்ளிக் கொண்டு மேலே போகும். உச்சியில் கவிழ்த்து விட்டுக் காலியாகக் கீழே வரும். மேலே விழும் தானியம், குழாய் வழியாகத் தனித்தனி அறைகளில் போய்ச் சேரும். ரயில் வந்ததும் குழாயைத் திறந்தால் போதும். தானியம் தானாகவே சரிந்து பெட்டியில் நிரம்பி விடும். மேலே தூக்கத்தான் எந்திரம் வேண்டும். கீழே இறக்கும் வேலையைப் புவியீர்ப்பு விசையே பார்த்துக் கொள்ளும். நல்ல யோசனை இல்லையா?

கட்டிய விதமும் விசித்திரமானது. தானியத்தின் பாரம் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். சாதாரணப் பலகைச் சுவர் பிளந்து விடும். அதனால் பலகைகளைப் படுக்க வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஆணி அடித்துச் சுவர் எழுப்பினார்கள்.

ஏன் அவ்வளவு நெருக்கமாக?

ரயில் பாதை ஓரமாகச் சுமார் 13 முதல் 16 கிலோ மீட்டருக்கு ஒரு இடத்தில் எலிவேட்டர்கள் இருந்தன. காரணம், குதிரை! மூட்டை ஏற்றிய குதிரை வண்டி, ஒரே நாளில் வந்து திரும்பக் கூடிய தூரம் அவ்வளவுதான். எலிவேட்டரைச் சுற்றி ஸ்டேஷன், கடை, பள்ளிக்கூடம் வந்தன. அப்படியே ஊரும் உருவானது.

ஊரின் பெயரை எலிவேட்டரின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். தூரத்தில் வரும்போதே எந்த ஊர் என்று படித்து விடலாம். 'பயனியர்' என்ற நிறுவனத்தின் கட்டடம் ஆரஞ்சு நிறம் என்றால், ஆல்பர்ட்டா விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனக் கட்டடம் பச்சை. சமவெளியில் நிமிர்ந்து நின்றதால் 'புல்வெளிக் காவலர்கள்' என்று இவற்றுக்குச் செல்லப் பெயரும் உண்டு.

1933ல் மேற்குக் கனடாவில் 5,700க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் இருந்தன. இன்று அவற்றில் பெரும்பாலானவை இல்லை!

என்ன ஆயிற்று? நல்ல சாலைகள் வந்தன. பெரிய லாரிகள் வந்தன. விவசாயிகளால் தானியத்தை 100 கிலோ மீட்டர் கூடக் கொண்டு போக முடிந்தது. பத்துச் சின்ன மரக் கட்டடங்களின் வேலையை ஒரே ஒரு பெரிய கான்கிரீட் கிடங்கு செய்தது. 1995ல், தானியத்துக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகையும் முடிவுக்கு வந்தது. கிளை ரயில் பாதைகள் மூடப்பட்டன. தண்டவாளம் போனதும் எலிவேட்டருக்கும் வேலை போயிற்று. ஒவ்வொன்றாக இடித்துத் தள்ளினார்கள்.

சஸ்காட்சுவானில் பிளெமிங் என்று ஒரு சிற்றூர். அங்கே 1895ல் கட்டிய எலிவேட்டர் ஒன்று, கட்டிய இடத்திலேயே 115 ஆண்டுகள் நின்றது. அதைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் வேலையும் நடந்து கொண்டிருந்தது. 2010 பிப்ரவரியில் தீப்பிடித்து, முழுக்க எரிந்து சாம்பலானது. இப்போது அதைப் பார்க்க வேண்டும் என்றால் புகைப்படத்தில்தான் பார்க்க முடியும். அந்தக் கூட்டம் ஏன் கேமராவோடு சுற்றுகிறது என்று புரிகிறதா?

வானத்தில் ஒரு ரயில்!

இனி பாலங்களைப் பார்ப்போம். ஆல்பர்ட்டாவில் லெத்பிரிட்ஜ் என்ற நகரம். அங்கே ஓல்ட்மேன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் ஓர் இரும்புப் பாலம். நீளம் 1.6 கிலோ மீட்டர், உயரம் சுமார் 95 மீட்டர். அதாவது, 30 மாடிக் கட்டடத்தின் உயரம்! 1909ல் கட்டி முடித்த இந்தப் பாலத்தில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், ரயில் பொம்மை மாதிரி தெரியும்.

மேற்கே போனால் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். ஒரே மலைகள்! அங்குள்ள மைரா பள்ளத்தாக்கில், ரயிலுக்காக 18 பாலங்களும் 2 சுரங்கப் பாதைகளும் உண்டு. ரயில் நின்று பல ஆண்டுகளான பிறகு, மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் அந்தப் பாதை பயன்பட்டது. 2003ல் ஏற்பட்ட காட்டுத் தீயில் 12 மரப் பாலங்கள் எரிந்து போயின. 'போனது போகட்டும்' என்று அவர்கள் விட்டு விடவில்லை. 2008க்குள் எல்லாவற்றையும் திரும்பக் கட்டி விட்டார்கள்.

வான்கூவர் தீவில் உள்ள கின்சால் பாலமும் அப்படித்தான். 44 மீட்டர் உயரம், 187 மீட்டர் நீளம். மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கட்டியது. 1979ல் கடைசி ரயில் போனது. அதன்பின் பராமரிப்பு இல்லாமல் பாழானது. மக்கள் விடாமல் குரல் கொடுத்ததால், பழுது பார்த்து 2011ல் திறந்தார்கள்.

கரடியிடம் தப்பிய கேமராக்காரர்

நிக்கோலஸ் மொரான்ட் என்பவர், கனடியன் பசிபிக் ரயில்வேயின் புகைப்படக்காரர். ராக்கி மலைத் தொடரில், போ ஆற்றின் ஓரமாக ரயில் வளைந்து வரும் ஓர் இடத்தில் நிறையப் படங்கள் எடுத்தார். முன்னால் ஆறு, நடுவில் ரயில், பின்னால் பனிமலை. அந்த இடத்துக்கே இப்போது 'மொரான்ட் வளைவு' என்று பெயர். 1939ல் ஒரு கிரிஸ்லி கரடி தாக்கிப் படுகாயம் அடைந்தார். குணமானதும் மறுபடி கேமராவைத் தூக்கிக் கொண்டு கிளம்பி விட்டார்!

எப்படி எடுக்கிறார்கள்?

* காலையிலும் மாலையிலும்தான் எடுப்பார்கள். வெயில் சாய்வாக விழும்போது பலகைக் கோடுகளும் ஆணிகளும்கூடத் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும்.

* கட்டடத்தின் மூலைக்கு நேரே நின்றால் முன்பக்கம், பக்கவாட்டு இரண்டும் ஒரே படத்தில் வரும். உருவம் முழுமையாகப் புரியும்.

* பக்கத்தில் ஓர் ஆளோ, காரோ, ரயில் பெட்டியோ இருக்க வேண்டும். அப்போதுதான் உயரம் எவ்வளவு என்று பார்ப்பவருக்குப் புரியும்.

* பொறுமை வேண்டும். சரக்கு ரயில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பாலத்துக்கு எதிரே மணிக் கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு.

* தண்டவாளத்தில் நிற்கவே கூடாது! கனடாவில் அது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. அதைவிட முக்கியம், உயிர். பழைய கட்டடத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் போக மாட்டார்கள். தரைப் பலகை இற்றுப் போயிருக்கலாம். அடியில் குழி இருக்கும்.

* கடைசியாக ஒன்று. எடுத்ததும் குறிப்பு எழுதி விடுவார்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எந்தத் திசையில் இருந்து எடுத்தது, கட்டடத்தின் மேல் என்ன எழுதியிருந்தது... எல்லாவற்றையும் எழுத வேண்டும். குறிப்பு இல்லாத படம், முகவரி இல்லாத கடிதம் மாதிரி. ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு 'ஏதோ ஒரு பழைய கட்டடம்' என்றுதான் தோன்றும்.

பிளெமிங் எலிவேட்டரைப் படம் எடுத்தவர்கள், அது எரியும் என்று தெரிந்தா எடுத்தார்கள்? வழக்கமான ஒரு நாளில், வழக்கமான ஒரு கட்டடத்தை எடுத்தார்கள். இன்று அந்த ஊர்க்காரர்களிடம் மிஞ்சியிருப்பது அந்தப் படங்கள்தான்.

என்ன குட்டீஸ், அடுத்த முறை கேமராவோ, அம்மாவின் மொபைலோ கையில் கிடைத்தால், தினமும் பார்த்துப் பார்த்துக் கவனிக்காமல் விட்ட ஒரு கட்டடத்தையும் எடுப்பீர்களா? மறக்காமல் தேதி எழுதி வையுங்கள்!