தல்வார் பள்ளியின் கதை

என் ஊராகிய காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்யும் தறியில் இருவர் அருகருகே அமர்வர். ஒருவர் கைவேகத்தை மற்றவர் அறியாவிடில் உடலும் கரையும் பொருந்தா. கடற்படைக்கும் இந்நியதி உண்டு. ஒரு கப்பல் கூறுவதை மற்றொன்று உடனே அறிதல் வேண்டும். கொடி, விளக்கு, கம்பியில்லாத் தந்தி ஆகியவை அதற்குரிய மொழிகள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இம்மொழிகளை இந்திய இளைஞருக்குக் கற்பித்த பள்ளி, பம்பாய்க் கொலாபாவில் இருந்த 'தல்வார்'. தல்வார் என்றால் வாள். மற்ற மாலுமிகளைக் காட்டிலும் கல்வி மிக்கவர்களே இங்குப் பயின்றனர். உலகச் செய்திகள் இவர்கள் செவியில் விரைவில் விழுந்தன. ஆயினும் இவர்களுக்குக் கிடைத்தவை கெட்ட உணவும், குறைந்த ஊதியமும், வெள்ளை அதிகாரிகளின் இழிசொல்லுமே.

1946 பிப்ரவரி 18-ஆம் நாள் இவர்கள் உணவை மறுத்தனர். வியப்புக்குரியது யாதெனில், மேலோர் கட்டளையைக் கொண்டு செல்லப் பழக்கப்பட்ட விரல்களே அன்று மாலுமிகளின் குறையைக் கொண்டு சென்றன. கம்பியில்லாத் தந்தியில் செய்தி பறந்தது. சில நாட்களில் 78 கப்பல்களும், சுமார் 20,000 மாலுமிகளும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தனர். கராச்சியில் பீரங்கிகள் முழங்கின. பம்பாய்த் தெருக்களில் 200-க்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர்.

சர்தார் பட்டேலின் அறிவுரையை ஏற்று, 23-ஆம் நாள் மாலுமிகள் பணிந்தனர். பலர் சிறைப்பட்டனர், வேலையும் இழந்தனர். விடுதலைக்குப் பின்னரும் அவர்களுக்குக் கடற்படையில் மீண்டும் இடம் கிடைக்கவில்லை.

இன்று கடற்படையின் செய்திப் பயிற்சிப் பள்ளி கொச்சியில் இயங்குகிறது. தல்வார் என்னும் பெயரை 2003 முதல் ஒரு போர்க்கப்பல் தாங்கி நிற்கிறது. பிறர் செய்தியைச் சுமந்து செல்பவனுக்கும் சொல்லத் தக்க செய்தி ஒன்று உண்டு. அதைக் காலத்தே கேட்பது ஆள்வோர் கடமை என்பதே தல்வார் நமக்குத் தரும் பாடம்.