நெஞ்சு இறுக்கமா? தேடாதீர்கள், 108-க்கு அடியுங்கள்!

கம்ப்யூட்டரும் இண்டர்நெட்டும் வீட்டிற்கு வந்தவுடன், எதற்கெடுத்தாலும் தேடிப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. ரயில் நேரம், பரீட்சை ரிசல்ட், சமையல் குறிப்பு எதை வேண்டுமானாலும் தேடுங்கள். நெஞ்சில் இறுக்கம் தோன்றும்போது மட்டும் தேடாதீர்கள். ஏன் என்பதையும், கம்ப்யூட்டர் இந்த விஷயத்தில் எங்கே உண்மையாக உதவும் என்பதையும் இங்கு பார்க்கலாம். நான் சாப்ட்வேர் இன்ஜினியர், டாக்டர் அல்ல. எனவே மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டதை மட்டுமே தருகிறேன்.

தேடினால் என்ன கிடைக்கும்?

"நெஞ்சு இறுக்கம்" என டைப் செய்தால் வாயு, அசிடிட்டி, தசைப்பிடிப்பு, மனப்பதற்றம், ஆஸ்துமா, நுரையீரலில் ரத்தக்கட்டி, மாரடைப்பு என வரிசையாக வரும். அத்தனையும் காரணமாக இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வந்திருப்பது எது? அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. காரணம், சரியான இன்புட் அதனிடம் இல்லை. ஈ.சி.ஜி.யும், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும்தான் அந்த இன்புட். இரண்டும் மருத்துவமனையில்தான் கிடைக்கும்.

மாரடைப்பில் இதயத்திற்கு ரத்தம் தரும் குழாய் அடைபடுகிறது. நேரம் போகப்போக தசை சாகிறது. டெலீட் செய்த ஃபைலை ரீசைக்கிள் பின்னில் இருந்து மீட்கலாம். இறந்துபோன இதயத் தசையை மீட்க முடியாது. தேடிக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தின் விலை இதுதான்.

எப்போது 108?

* நெஞ்சின் நடுவில் அழுத்தம், இறுக்கம் அல்லது அம்மிக்கல்லை வைத்தது போன்ற பாரம். உட்கார்ந்து ஓய்வெடுத்தும் 5 நிமிடத்தில் குறையவில்லை. அல்லது போய்ப் போய் வருகிறது.
* அது கை, தோள், கழுத்து, தாடை, முதுகு அல்லது மேல் வயிறு வரை பரவுகிறது.
* கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், தலைசுற்றல் இருக்கிறது. இவை இருந்தால் 5 நிமிடம் கூடக் காத்திருக்க வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரில் சிலருக்கு வலியே இராது. திடீர் மூச்சுத் திணறலும் அசதியும் மட்டுமே தெரியலாம். நடந்தால் இறுக்கம், நின்றால் சரியாகிறது என்றால் அதையும் தள்ளிப்போடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். "வாயுப்பிடிப்புதான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பது கூடாது. நீங்களே பைக் ஓட்டிச் செல்வதும் கூடாது.

ஆற்றங்கரை ஊர்களில்

பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி எனத் தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்தான். 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. அம்பையில் இருந்து சுமார் 35 கி.மீ. தூரம். ஆகவே கார் தேடி அலைவதை விட, 2008 முதல் தமிழகத்தில் இலவசமாக இயங்கும் 108-ஐ அழைப்பதே நல்லது. வழியிலேயே கவனிக்க ஆள் இருப்பார்கள். எங்கே கொண்டு செல்வது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் மாமா, ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு நாள் இரவு போன் செய்து, "மருமவனே, நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு. நெட்டுல என்னன்னு அடிச்சுப் பாக்கணும்?" என்றார். "ஒண்ணும் அடிக்க வேண்டாம் மாமா. 108-க்கு அடிங்க. போனை அத்தைகிட்ட குடுங்க" என்றேன்.

மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி.யில் சிறு மாறுதல் இருந்தது. அது புதிதா, பழையதா? பழைய ஈ.சி.ஜி. இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அத்தை பீரோவில் இருந்து எடுத்து வந்த தாளில் கோடுகளே இல்லை! ஈ.சி.ஜி. பெரும்பாலும் தெர்மல் பேப்பரில் பிரிண்ட் ஆகும். பஸ் டிக்கெட், ஏ.டி.எம். ரசீது போல அது மங்கிவிடும். சிறிது நேரம் கழித்து எடுத்த இரண்டாவது ஈ.சி.ஜி.யில் விஷயம் தெளிவாகி, சிகிச்சை தொடங்கியது. இன்று மாமா கன்னடியன் கால்வாய்க் கரையில் வாக்கிங் போகிறார். முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்றாலும் டாக்டர்கள் ஏன் "இருங்கள்" என்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

ஒயர் வழியே இதயம்

ஈ.சி.ஜி.யைத் தூரத்திற்கு அனுப்புவது புதிதல்ல. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் எய்ந்தோவன் என்ற விஞ்ஞானி 1905-லேயே, மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே சுமார் 1.5 கி.மீ. தள்ளி இருந்த தன் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்தார்.

அதே எண்ணம் நம் மாநிலத்திலும் பலன் தந்தது. 2012-ல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் 35 சிறிய மருத்துவமனைகளை 4 பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்தார்கள். சிறிய இடத்தில் எடுக்கும் ஈ.சி.ஜி. பெரிய இடத்து நிபுணருக்குச் செல்லும். கடும் மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டிற்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்தில் இருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன. இத்தனை வசதியும் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் வேலை செய்யும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்

1. வீட்டில் உள்ள ஈ.சி.ஜி. தாள்களை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் வெளிச்சத்தில் வைத்து மொபைலில் படம் எடுக்கலாம். சிறு கட்டங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும்.
2. ஃபைல் பெயரில் ஆளின் பெயரை அடுத்து வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி தாருங்கள். ஃபைல்கள் தானாகவே கால வரிசையில் அடுக்கப்படும்.
3. வேர்டில் ஒரு பக்கம்: பெயர், வயது, நோய்கள், மாத்திரைகள் அளவுடன், அலர்ஜி, உறவினர் போன் எண். பெரிய எழுத்தில் இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றைக் கதவருகே ஒட்டுங்கள். ஒன்றைப் பர்ஸில் வையுங்கள்.
4. எல்லாவற்றையும் மொபைலிலும் காப்பி செய்யுங்கள். ஆம்புலன்சில் கம்ப்யூட்டர் வராது!

இரண்டு எச்சரிக்கைகள்

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் ஈ.சி.ஜி. ஒரே கோணத்தில் பார்ப்பது, மருத்துவமனை ஈ.சி.ஜி. 12 கோணங்களில் பார்ப்பது. வாட்ச் "நார்மல்" என்றால் மாரடைப்பு இல்லை என்று பொருளல்ல. அடுத்து, "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள்" என்ற செய்தி. முன்பு இமெயிலில் சுற்றியது. இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அமெரிக்க இதய சங்கம் இதைப் பரிந்துரைக்கவில்லை. வந்தால் டெலீட் செய்துவிடுங்கள். யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.

மருத்துவமனை சென்று "வெறும் வாயுதான்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்று எடுத்த ஈ.சி.ஜி.யை மறக்காமல் ஸ்கேன் செய்து வையுங்கள்.