விறகு அறுக்கும் யந்திரம்: பழுது பார்த்தலும் திருத்தி அமைத்தலும்

ராமநாதபுரம் ஜில்லாவில் கண்மாய்க் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் சீமைக் கருவேல மரம் எவ்வளவு அடர்ந்து கிடக்கிறதென்பது வாசகர்கள் அறிந்ததே. அம்மரத்தை அழிக்க வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்னும் விவாதத்திற்குள் இக்கட்டுரை புகவில்லை. வெட்டிய மரம் விறகாகவும் கரியாகவும் விலை போகிறது. அதை அளவாகத் துண்டு செய்வதற்கு எஞ்சினால் ஓடும் வட்ட ரம்பத்தைக் குடியானவர்கள் பலர் வைத்திருக்கின்றனர். கோடரியால் இரண்டு ஆட்கள் நாள் முழுதும் செய்யும் வேலையை அந்த யந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆனால் நெல் அரைக்கும் யந்திரத்திற்கும் தண்ணீர் இறைக்கும் யந்திரத்திற்கும் காட்டப்படும் கவனத்தில் பாதிகூட இதற்குக் காட்டப்படுவதில்லை.

2023-ஆம் வருஷத்துக் கோடையில் முதுகுளத்தூருக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில் இத்தகைய யந்திரம் ஒன்றைப் பார்வையிட நேர்ந்தது. 24 அங்குலக் குறுக்களவுள்ள ரம்பம்; நிமிஷத்திற்கு 1,500 சுற்றுச் சுற்றும் 8 குதிரைச் சக்தி டீஸல் எஞ்சின். “கட்டையில் பாதி போனதும் ரம்பம் நின்றுவிடுகிறது, ஐயா, எஞ்சினுக்குப் பலம் போதவில்லை” என்று சொந்தக்காரர் முறையிட்டார். அக்குறையைத் தீர்க்க அவர் ஒரு காரியமும் செய்திருந்தார். எஞ்சினிலும் ரம்பத்தின் அச்சிலும் முன்பு 6 அங்குலக் கப்பிகளே இருந்தன. எஞ்சினிலிருந்த கப்பியைக் கழற்றிவிட்டு 8 அங்குலக் கப்பியை மாட்டியிருந்தார். வேகம் கூடினால் வெட்டும் கூடும் என்பது அவருடைய எண்ணம். யந்திரத்தில் கட்டையை ஊட்டிக்கொண்டிருந்த ஆளின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவை இதே மேடையில் போனவை என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

இந்தக் கப்பிக் கணக்கைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இத்தவற்றை வேறு சில இடங்களிலும் கண்டிருக்கிறேன். எஞ்சினின் சுற்றை அதன் கப்பியின் அங்குலத்தால் பெருக்கி, ரம்பத்தின் கப்பி அங்குலத்தால் வகுத்தால் ரம்பம் நிமிஷத்திற்கு எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது கிடைக்கும். 1,500-ஐ 8-ஆல் பெருக்கி 6-ஆல் வகுக்க 2,000 ஆகிறது. 24 அங்குல ரம்பத்தின் விளிம்பு ஒரு சுற்றில் ஏறக்குறைய 6¼ அடி தூரம் ஓடுகிறது. ஆகவே முன்பு நிமிஷத்திற்குச் சுமார் 9,400 அடி ஓடிய பற்கள், கப்பி மாறிய பிறகு 12,500 அடிக்கு மேல் ஓடலாயின. இவ்வகைச் சாதாரண இரும்புத் தகட்டு ரம்பத்திற்கு முதலில் சொன்ன வேகமே ஏறக்குறைய உச்சமென்று கொள்ளலாம். தகட்டை வெளிநோக்கி இழுக்கும் விசை, வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது, ஒன்றே முக்கால் மடங்காகிவிடுகிறது. தகடு அலையத் தொடங்கும். விரிசல் ஏதேனும் இருந்தால் சிதறவும் கூடும். எத்தனை சுற்றுக்கு மேல் ஓட்டலாகாது என்பதை ரம்பத்தின் மீதே செய்தவர்கள் பொறித்திருப்பார்கள். துருவைத் தேய்த்துப் பார்த்தபொழுது இங்கும் அவ்வெண் காணப்பட்டது.

அபாயம் ஒருபுறமிருக்க, அவர் நாடிய பயனாவது கிட்டியதா என்றால் அதுவும் இல்லை. எஞ்சினின் சக்தி அதே 8 குதிரைதான். வேகத்தைக் கூட்டினால் அந்த அளவிற்கு முறுக்கும் விசை குறைந்தே தீரும். முன்பிருந்ததில் முக்கால் பங்கு விசையே பல்லின் முனைக்குப் போய்ச் சேர்ந்தது. ரம்பம் முன்னைவிடச் சீக்கிரமாக நின்றதில் வியப்பொன்றுமில்லை.

உண்மையான பழுது ரம்பத்தின் அடியில் விழுந்திருந்த தூளிலேயே தெரிந்தது. கூரான பல் ரவைபோன்ற தூளைத் தள்ளும். இங்கே கிடந்ததோ மாவு. வெட்டு முகங்கள் கருகியிருந்தன. தகட்டிலும் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. பற்கள் மழுங்கியிருந்ததோடு, அவற்றை இடமும் வலமும் மாறி மாறிச் சாய்த்து வைத்திருந்த சாய்வும் தேய்ந்துபோயிருந்தது. சாய்வு இருந்தால்தான் வெட்டுத்தடம் தகட்டின் கனத்தைவிட அகலமாக விழும்; இல்லாவிட்டால் தகடு மரத்தோடு உராய்ந்து, எஞ்சினின் சக்தியில் பெரும்பகுதி சூடாகவே வீணாகும். பச்சைக் கட்டைக்குப் பக்கத்திற்கு முக்கால் மில்லிமீட்டர்வரை சாய்வு வேண்டும். உலர்ந்ததற்கு அரை மில்லிமீட்டர் போதும். பல்லை அடியோடு வளைக்காமல் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சாய்க்க வேண்டும். அரம் பிடிக்கும்பொழுது பற்களுக்கிடையேயுள்ள குழிகளின் அடி வளைவாகவே இருக்கட்டும். கூர்மூலையாக அராவினால் அம்மூலையிலிருந்தே விரிசல் புறப்படும். விரிசல் கண்ட ரம்பத்தைப் பற்றவைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதே தகும்.

பற்கள் இவ்வளவு விரைவில் மழுங்குவானேன்? மண்வாரி யந்திரத்தால் வேரோடு பிடுங்கிய மரத்தின் வேர்க்கட்டையில் மண்ணும் சிறு கல்லும் ஒட்டியிருக்கும். அதை அப்படியே ஊட்டினால் அரம் பிடித்த உழைப்பெல்லாம் ஒரு நாழிகையில் போய்விடும். வேர்க்கட்டையைத் தட்டித் துடைத்து, நாளின் கடைசியில் அறுப்பது நலம். வேலிக்கு நட்டிருந்த மரமானால் உள்ளே கம்பி புதைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, ரம்பத்தின் ஆட்டம். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஓர் ஆணியின் முனை தகட்டை ஏறக்குறையத் தொடும்படி மேடையில் நிறுத்திக்கொண்டு, ரம்பத்தைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். இடைவெளி எங்கே அதிகம் என்பதை அச்சிலும் தகட்டிலும் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு, நட்டைத் தளர்த்தித் தகட்டை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி இறுக்கி மீண்டும் சோதிக்க வேண்டும். ஆட்டம் தகட்டின் குறியோடு நகர்ந்தால் தகடு நெளிந்திருக்கிறது. அச்சின் குறியோடு நின்றுவிட்டால் கோளாறு அச்சிலோ, தகட்டை இருபுறமும் கவ்வும் இரும்பு வட்டுகளிலோ இருக்கிறது. இங்கே அச்சோடு நின்றது. வட்டைக் கழற்றியபொழுது உள்ளே மரத்தூளும் பிசினும் இறுகி ஒரு பக்கமாகப் படிந்திருந்தன. அதைச் சுரண்டித் துடைத்த மாத்திரத்தில் ஆட்டத்தில் பெரும்பகுதி போய்விட்டது. எஞ்சியது பேரிங்குகளின் தேய்மானம்; இரண்டையும் மாற்றினோம். பெல்ட்டும் தளர்ந்தே இருந்தது. கப்பிகள் இரண்டும் நேர்கோட்டில் நிற்கும்படி நூல் பிடித்து அதை இறுக்கினோம்.

இதுவரை கூறியது பழுது. யந்திரத்தைத் திருத்தி அமைத்ததில் முக்கியமானது, கட்டையை ஏந்தும் தொட்டில். அந்த மேடை தட்டையான பலகையாக இருந்தது. சவுக்குக் கழிபோல் நேரான மரமாயின் அதில் ஒருவாறு சமாளிக்கலாம். சீமைக் கருவேலோ கோணலும் முண்டுமாக வளர்வது. தட்டைப் பலகையில் அது உருளும். உருண்டதும் ரம்பம் அதைக் கவ்விச் சுழற்றும். பிடித்திருக்கும் கையும் கூடவே போகும். அந்த ஆளின் விரல்கள் அவ்விதமாகவே போயின. ஆகையால் கோண இரும்பைக் கொண்டு, அடியில் கீல் பூட்டி முன்னும் பின்னும் அசையும் தொட்டில் ஒன்றை உள்ளூர்ப் பட்டறையில் செய்வித்தோம். அதன் உட்புறம் ஆப்பு வடிவாகக் குவிந்து, கட்டை உருளாதபடி சிறு முட்கள் வைத்தது. ஆள் தொட்டிலின் கைப்பிடியைத் தள்ளுகிறானேயன்றிக் கட்டையைத் தொடுவதில்லை. கையை எடுத்தால் தொட்டில் தன் கனத்தாலேயே பின்னுக்கு வந்துவிடும். ரம்பத்தின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் பெல்ட்டையும் தகட்டுக் கூண்டால் மூடினோம்.

வளைந்த கட்டையைத் தொட்டிலில் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. வளைவின் முதுகு தொட்டிலில் பதியவேண்டும். பதியும் இடமும் ரம்பத்திற்கு அருகில் இருக்கவேண்டும். மாறாக வைத்தால், கட்டை இரு நுனிகளில் மட்டும் தாங்கி நடுவே இடைவெளி விழும்; ரம்பம் அழுத்தும்பொழுது வெட்டுத்தடம் மூடிக்கொண்டு தகட்டைக் கவ்விவிடும். அறுந்து விழும் துண்டை மறுபுறத்தில் எதுவும் தாங்கக் கூடாதென்பதும் இதே காரணம்பற்றியே. விழுந்த துண்டுகளை, ரம்பம் ஓடும்பொழுது, கையால் எடுக்காமல் நீண்ட கோலால் தள்ளவேண்டும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி, பறக்கும் முந்தானை இவற்றோடு யந்திரத்தின் அருகே எவரையும் அனுமதிக்கலாகாது. சொந்தக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். ஊட்டும் ஆள் சிரிக்கவில்லை.

பழைய 6 அங்குலக் கப்பியை மீண்டும் பூட்டி ஓட்டியபொழுது, முன்பு பாதியில் நின்ற கனமுள்ள கட்டைகளை ரம்பம் தடையின்றி அறுத்துத் தள்ளியது. அடியில் விழுந்த தூள் ரவையாக இருந்தது. இப்பொழுது அங்கே கூர் தீட்டிய இரண்டாவது ரம்பம் ஒன்று தயாராகத் தொங்குகிறது. தூள் மாவாகத் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்தி அதை மாற்றிக்கொள்கிறார்கள்.