காபியை ஏன் சத்தமாக உறிஞ்சுகிறார்கள்?

காபியைத் தரம் பார்ப்பவர்கள் கரண்டியில் அள்ளி, 'சர்ர்' என்று ஊருக்கே கேட்கும்படி உறிஞ்சுவார்கள். காரணம் இருக்கிறது. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு, உமாமி மட்டும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. வேகமாக உறிஞ்சும்போது காபி நுண்துளிகளாகச் சிதற, மணம் தொண்டையின் பின்வழியே மூக்குக்கு ஏறுகிறது.

தரம் பார்க்கும் முறை இது: கோப்பையில் 8.25 கிராம் தூள். சுமார் 93 டிகிரி வெந்நீர் 150 மில்லி. 4 நிமிடம் கழித்து, மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் விலக்க வேண்டும். அப்போது முகத்தைக் கோப்பைக்கு அருகே வைத்திருங்கள். அடைபட்டிருந்த மணம் குப்பென்று கிளம்பும். எனக்குப் பிடித்த கட்டமே இதுதான்.

இப்படிச் சுவைத்தால் ஊருக்கு ஊர் வேறுபாடு தெரியும். எத்தியோப்பியாவின் யிர்கசெஃப்பே காபியில் மல்லிகை மணமும் எலுமிச்சைப் புளிப்பும் தூக்கலாக இருக்கும். சுமத்ராவில் கொட்டை ஈரமாக இருக்கும்போதே மேலோட்டை நீக்கிவிடுவார்கள். அதனால் புளிப்பு அடங்கி மண்வாசம் எழும். இந்தியாவின் மேற்குக் கடற்கரைப் பருவக்காற்றில் ஊறிய மான்சூன் மலபார் காபியில் புளிப்பு மிகக் குறைவு.

கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் இவை எதுவும் பிடிபடாது. சற்று ஆறட்டும். பால், சர்க்கரை சேர்க்கும் முன் ஒரு வாய் உறிஞ்சிப் பாருங்கள்.