உங்களுக்குத் தெரியுமா? நன்கொடையாக வந்த விமானத்தில் கண் ஆபரேஷன்!

கண் மருத்துவத்துக்கு மைக்ராஸ்கோப், லென்ஸ் தானமாகக் கொடுப்பார்கள். ஒரு விமானத்தையே கொடுத்ததும் உண்டு. யுனைடெட் ஏர்லைன்ஸ் தந்த பழைய டிசி-8 விமானத்தை ஆர்பிஸ் என்ற தொண்டு நிறுவனம் கண் மருத்துவமனையாக மாற்றியது. 1982-இல் அது முதலில் போய் இறங்கிய நாடு பனாமா. இப்போது பயன்பாட்டில் இருப்பது ஃபெடெக்ஸ் கொடுத்த எம்டி-10, 2016-இல் அறிமுகமானது.

பறக்கும்போது ஆபரேஷன் செய்வார்களோ என்று பயப்பட வேண்டாம். விமான நிலையத்தில் நிறுத்திய பிறகுதான் கத்தியை எடுப்பார்கள். மின்சாரம், சுத்தமான தண்ணீர் எல்லாம் விமானத்துக்குள்ளேயே தயார். முன்பக்கம் 46 இருக்கைகள் கொண்ட வகுப்பறை. உள்ளூர் டாக்டர்கள் அதில் உட்கார்ந்து, பின்னால் நடக்கும் அறுவை சிகிச்சையைத் திரையில் நேரடியாகப் பார்த்தபடி கேள்வி கேட்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது, கூடவே வரும் பொறியாளர்களின் வேலை. ஏழை நாட்டு மருத்துவமனைகளில் தானமாக வந்த கருவிகள் பல மூலையில் முடங்கிவிடும். பல்பு போயிருக்கும், மாற்று பல்பு உள்ளூரில் கிடைக்காது. அல்லது 110 வோல்ட் கருவியை 220 வோல்ட்டில் செருகியிருப்பார்கள். அவற்றைப் பழுதுபார்க்க உள்ளூர் டெக்னீஷியன்களுக்கு இந்தப் பொறியாளர்கள் கற்றுத் தருகிறார்கள்.

பழைய டிசி-8? பெய்ஜிங் அருகே ஒரு விமான அருங்காட்சியகத்தில் ஓய்வெடுக்கிறது.